மழலையர் இல்லம் கண்ட மாண்டிசோரி

இத்தாலி நாட்டின் தலைநகரான ரோமில் சான் லொரென்சோ என்றொரு பகுதி உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது வறியோர் வாழ்ந்த இடம். பிழைப்புத் தேடி ஊர்ப்புறங்களிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே நெருக்கமாகக் குடியிருந்தன. பாழடைந்து கிடந்த அடுக்கு வீடுகளை ஒரு கட்டட நிறுவனம் பழுதுபார்த்து, அவர்களுக்கு வாடகைக்கு விட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்ற பின், பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடித் திரிந்தனர். புதிதாகப் பூசிய சுவர்களைப் பாழாக்கினர். சுவர்களைக் காப்பதற்கு ஒரு வழி வேண்டும் என்று எண்ணிய நிறுவனத்தார், கட்டடத்தில் ஓர் அறையை ஒதுக்கினர். அப்பிள்ளைகளைக் கவனிக்கும் பொறுப்பை மரியா மாண்டிசோரி என்னும் பெண் மருத்துவரிடம் ஒப்படைத்தனர். 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் அவ்வறை திறக்கப்பட்டது. சுவர்களுக்காகத் தொடங்கிய அந்த ஏற்பாடே உலகெங்கும் மழலையர் கல்வியை மாற்றியமைத்தது.

மரியா, 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் கியரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அரசு அலுவலர். தாய் நூல்களை விரும்பிக் கற்றவர். பெண்கள் படித்தால் ஆசிரியர் ஆகலாம் என்பதே அக்காலத்து எண்ணம். தந்தையின் விருப்பமும் அதுவே. மரியாவோ ஆண் பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மருத்துவம் கற்க முற்பட்டார். தந்தை இசையவில்லை, தாய் துணைநின்றார். ஆண் மாணவர்களோடு நின்று ஒரு பெண் பிணக்கூறாய்வு செய்தல் தகாது என்று கருதப்பட்டதால், மற்றவர்கள் சென்ற பிறகு அவர் தனியே அப்பயிற்சியைச் செய்ய வேண்டியிருந்தது. 1896ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். ஆசிரியர் ஆகமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்த பெண், பிற்காலத்தில் ஆசிரியர்களுக்கெல்லாம் ஆசிரியராக விளங்கியது வியப்புக்குரியது.

மனநல மருத்துவமனைகளைப் பார்வையிடச் சென்றபோது, அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளை அவர் கண்டார். வெற்றறை ஒன்றில் அவர்கள் அடைக்கப்பட்டிருந்தனர். உணவு முடிந்ததும் தரையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளை அவர்கள் பொறுக்கினர் என்றும், அதனைப் பேராசை என்று பணியாளர் வெறுத்துப் பேசினர் என்றும் கூறுவர். மாண்டிசோரிக்கு வேறொன்று புலப்பட்டது. அவ்வறையில் கையால் தொட்டு விளையாட வேறு எப்பொருளும் இல்லை. பசித்தது வயிறு அன்று. கைகளே என்று அவர் உணர்ந்தார். அக்குழந்தைகளுக்கென்று பொருள்களை உருவாக்கினார்; இரவும் பகலும் உழைத்துக் கற்பித்தார். அவர்களுள் சிலர் பிற பிள்ளைகளோடு பொதுத் தேர்வு எழுதித் தேறினர். அனைவரும் பாராட்டினர். அவருக்கோ வேறு கவலை பிறந்தது. குறைபாடுள்ள குழந்தைகள் இவ்வளவு முன்னேறக் கூடுமாயின், நலமான குழந்தைகள் பள்ளிகளில் ஏன் இவ்வளவு பின்தங்கி இருக்கின்றனர்? இவ்வினாவுக்கு விடை காணும் வாய்ப்பே சான் லொரென்சோவில் கிடைத்தது.

அங்குத் திறந்த அறைக்குப் பள்ளி என்று பெயரிடவில்லை. மழலையர் இல்லம் என்னும் பொருள் தரும் இத்தாலியப் பெயரையே சூட்டினர். அதற்கேற்ப, அதன் முதற்பாடங்களும் வீட்டு வேலைகளாகவே அமைந்தன. கை கழுவுதல், தூசி துடைத்தல், தரையைப் பெருக்குதல், பொத்தான் மாட்டுதல், துணி மடித்தல், குவளையிலிருந்து சிந்தாமல் நீர் ஊற்றுதல் ஆகியவற்றைக் குழந்தைகள் செய்தனர். அவர்களே தூக்கி நகர்த்தக்கூடிய சிறு நாற்காலிகளையும் மேசைகளையும் மாண்டிசோரி செய்வித்தார். கைக்கெட்டும் உயரத்தில் தாழ்வான அலமாரிகளை அமைத்தார். இன்று எந்த மழலையர் பள்ளியிலும் காணப்படும் இவை, அன்று புதுமை. உடையாத தகரக் கிண்ணங்களுக்கு மாறாக உண்மையான பீங்கான் கோப்பைகளையே குழந்தைகளிடம் கொடுத்தார். கைதவறினால் உடையும் என்று அறிந்த குழந்தை, தானே கவனமாக நடக்கக் கற்றுக்கொண்டது.

ஒரு நாள் மூக்குச் சிந்தும் முறையைக் கைக்குட்டை கொண்டு அவர் செய்து காட்டினார். ஒலி எழாமல், பிறர் கண்ணில் படாமல் அதனைச் செய்வது எப்படி என்று மெதுவாகக் காட்டி முடித்தார். குழந்தைகள் சிரிப்பார்கள் என்று எண்ணியிருந்தார். அவர்களோ ஒருசேரக் கைதட்டினர். அவருக்குக் காரணம் பின்னரே விளங்கியது. ஒழுகும் மூக்குக்காக அப்பிள்ளைகளை ஏசாதவர் இல்லை. எவ்வாறு துடைப்பது என்று சொல்லிக் கொடுத்தவர் மட்டும் ஒருவரும் இல்லை.

மற்றொரு நாள், மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டையில் உள்ள குழிகளில் உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். அக்கட்டையில் பத்துக் குழிகள். ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு. ஓர் உருளையைத் தவறான குழியில் இட்டால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் எஞ்சும். தவறு எங்கே என்பதை ஆசிரியர் கூற வேண்டுவதில்லை, கட்டையே கூறிவிடும். சிறுமி எல்லாவற்றையும் பொருத்துவாள், எடுத்துக் கலைப்பாள், மீண்டும் பொருத்துவாள். மாண்டிசோரி மற்றப் பிள்ளைகளைப் பாடச் செய்தார், சிறுமி நிமிரவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் கட்டையை மடியில் அணைத்துக்கொண்டு தன் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்து முடித்த பின்பு, உறங்கி எழுந்தவளைப் போல மலர்ந்த முகத்துடன் சுற்றிலும் பார்த்தாள். சிறு குழந்தைகளால் ஒன்றில் மனம் ஊன்ற இயலாது என்று பெரியோர் சொல்லிவந்தது பொய் என்பதை மாண்டிசோரி அன்று கண்டுகொண்டார்.

எழுத்துகளைக் கற்பிக்கவும் அவர் கைகளையே நாடினார். உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி, வழவழப்பான அட்டைகளில் ஒட்டினார். குழந்தை விரலால் எழுத்தைத் தடவும். சொரசொரப்பு உள்ள இடம் எழுத்து, வழுக்கும் இடம் வெற்றிடம். தடவும்போதே அதன் ஒலியைச் சொல்லும். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகியதும் ஏறத்தாழ இம்முறையே. விரலுக்குத் தெரிந்த எழுத்து எளிதில் மறப்பதில்லை. சில மாதங்கள் சென்றன. ஒரு நாள் மாடியில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையுமாறு அவர் கூறினார். வரைந்து முடித்த சிறுவன், ஒருவரும் சொல்லாமலேயே தரையில் ஒரு சொல்லை எழுதினான். பிறகு மற்றொரு சொல்லை எழுதினான். தனக்கு எழுதத் தெரிகிறது என்று மகிழ்ச்சியில் கூவினான். பிற பிள்ளைகளும் ஓடிவந்து சுண்ணக்கட்டி கேட்டனர்.

இச்செய்தி நாடெங்கும் பரவியது. பல நாடுகளிலிருந்தும் அறிஞர்கள் ரோமுக்கு வந்தனர். அவருடைய நூல் பல மொழிகளில் வெளியாயிற்று. ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. கற்றல் கருவிகள் துல்லியமாகச் செய்யப்பட வேண்டியிருந்ததால் விலை மிகுந்தன. ஏழைக் குழந்தைகளிடம் பிறந்த கல்விமுறை, பல இடங்களில் செல்வர் பிள்ளைகள் மட்டும் பயிலும் பள்ளிகளில் தங்கிவிட்டது. குசராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா என்னும் வழக்கறிஞர் இதற்கு மாற்றுக் கண்டார். அவர் மாண்டிசோரியின் நூலைப் படித்து, 1920இல் மழலையர் பள்ளி தொடங்கி, கதையும் பாட்டும் உள்ளூர்ப் பொருள்களும் கொண்டு குசராத்தி மொழியில் கற்பித்தார். அவரை மக்கள் மீசை வைத்த தாய் என்று அன்போடு அழைத்தனர். மாண்டிசோரி இந்தியாவுக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்னர், 1939 சூனில் அவர் மறைந்தார்.

மாண்டிசோரியின் சொந்த வாழ்வில் ஒரு துயரம் இருந்தது. 1898இல் பிறந்த தம் ஒரே மகன் மாரியோவை, அக்காலச் சமூகக் கட்டுப்பாடுகளின் காரணமாக, அவரால் உடன் வைத்து வளர்க்க இயலவில்லை. குழந்தை ஊர்ப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தது. பிறர் பெற்ற பிள்ளைகளை நாள்தோறும் கவனித்தவர், தம் பிள்ளையை அவ்வப்போது சென்று பார்த்து வந்தார். பதினைந்து வயதளவில் மாரியோ தாயிடம் வந்து சேர்ந்தார். அதன் பின் அவரை விட்டுப் பிரியவில்லை. எனினும் வெளியுலகுக்கு நெடுங்காலம் அவர் மகன் என்று அறிவிக்கப்படவில்லை.

இத்தாலியில் முசோலினியின் ஆட்சி அவருடைய பள்ளிகளை மூடியது. செருமனியில் இட்லரின் ஆட்சியும் அவ்வாறே செய்தது. குழந்தைகளைப் போர்வீரர்களாக வளர்க்க விரும்பியோருக்குத் தாமே சிந்திக்கும் குழந்தைகள் தேவைப்படவில்லை. எசுப்பானியாவில் தங்கியிருந்தபோது அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது, நெதர்லாந்துக்குச் சென்றார். 1939ஆம் ஆண்டு இறுதியில், பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் விடுத்த அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 69. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் முந்நூறுக்கு மேற்பட்டோர் பயிற்சிக்கு வந்திருந்தனர். அவர் இத்தாலிய மொழியில் பேசினார். மாரியோ அருகில் நின்று ஆங்கிலத்தில் பெயர்த்துக் கூறினார்.

சில மாதங்களுக்கென்று வந்தவர் ஊர் திரும்ப இயலவில்லை. 1940 சூனில் இத்தாலி, பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியது. இந்தியாவை ஆண்ட ஆங்கிலேய அரசுக்கு இத்தாலியர் அனைவரும் பகைவர் ஆயினர். மாரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தனர். மாண்டிசோரி அடையாற்று வளாகத்தை விட்டு வெளியே செல்லலாகாது என்று ஆணையிட்டனர். அயல்நாட்டில், அயல்மொழி சூழ, தம் நாவாக இருந்த மகனையும் இழந்து அந்த முதியவர் தனித்திருந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அரசப் பிரதிநிதியிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனை அவரிடமே திருப்பி அனுப்புவதாக அதில் கண்டிருந்தது. வளர்ப்புப் பிள்ளை என்றோ உறவினர் என்றோ எழுதாமல் மகன் என்றே அத்தந்தி குறித்தது. கைதியின் விடுதலையோடு, பல்லாண்டு மறைத்து வைத்த உறவின் விடுதலையாகவும் அது அமைந்தது.

போர் முடியும் வரை இருவரும் இந்தியாவிலேயே பணியாற்றினர். 1942 முதல் இரண்டு ஆண்டுகள் அளவில் கொடைக்கானலில் தங்கினர். வெவ்வேறு வயதுடைய பிள்ளைகள் அங்கே ஒன்றாகப் பயின்றனர். மலையே அவர்களுக்கு வகுப்பறை ஆயிற்று. இலைகளையும் பூக்களையும் பூச்சிகளையும் நேரில் கண்டு வகைப்படுத்தக் கற்றனர். அகமதாபாத், கராச்சி, காசுமீர், இலங்கை ஆகிய இடங்களிலும் பயிற்சிகள் நடைபெற்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயின்றனர்.

அகமதாபாத்தில் அவர் ஆற்றிய உரைகளே பின்னர் 1949இல் சிறந்ததொரு நூலாக வெளிவந்தன. பிறந்தது முதல் குழந்தையின் மனம் சூழலை ஈர்த்துக்கொள்வதைப் பற்றியது அந்நூல். தாயின் இடுப்பில் அமர்ந்து கடைத்தெருவுக்குச் செல்லும் குழந்தை, விலை கேட்கும் குரலையும் பேரம் பேசும் முகத்தையும் கண்டு, ஆசிரியர் இல்லாமலே மொழியைக் கற்கிறது என்பது அவர் கருத்து. வீட்டில் தமிழும் தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ பேசி வளரும் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தி அன்று.

அவர் கண்ட முறைக்கு விலையுயர்ந்த கருவிகள் இன்றியமையாதவை அல்ல என்பதை எந்தச் சமையலறையும் காட்டும். கிண்ணம் ஒன்றில் துவரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை மூன்றையும் கலந்து வைத்தால், நான்கு வயதுக் குழந்தை அவற்றைப் பிரித்து அடுக்கும். எழுதுகோல் பிடிக்கும் முன்பே அதன் விரல்கள் வலுப்பெறும். சிறு செம்பிலிருந்து தம்ளருக்கு நீர் ஊற்றலாம். சிந்தினால் துடைக்க அருகில் ஒரு துணி இருத்தல் வேண்டும். தாம்பாளத்தில் அரிசி பரப்பி அகரம் எழுதலாம். மூடிகளை அவற்றுக்குரிய டப்பாக்களோடு பொருத்தலாம். செய்து காட்டுபவர் மெதுவாகவும் அதிகம் பேசாமலும் காட்ட வேண்டும்; குழந்தை செய்யும்போது இடையில் புகுந்து உதவுதல் கூடாது. இந்த இரண்டாவது விதியே பெரியோர்க்குக் கடினமானது.

1946இல் ஐரோப்பா திரும்பிய மாண்டிசோரி, அடுத்த ஆண்டே மீண்டும் இந்தியாவுக்கு வந்து பணியைத் தொடர்ந்தார். அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் மும்முறை முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், நெதர்லாந்தின் கடற்கரை ஊரான நோர்ட்விக்கில் அவர் இயற்கை எய்தினார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அப்போதும் மாரியோ உடன் இருந்தார். ஒருகாலத்தில் அவர் பள்ளிகளை மூடிய இத்தாலி, பின்னாளில் தன் ஆயிரம் லிரா பணத்தாளில் அவர் உருவத்தை அச்சிட்டது. தாளின் மறுபக்கத்தில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் ஓவியம் இருந்தது.

பயிற்சி

1. மூக்குச் சிந்தும் முறையைக் காட்டியபோது குழந்தைகள் கைதட்டியதன் காரணம் யாது?
2. உருளைகள் பொருத்தும் கட்டையில், தவறு நேர்ந்ததைக் குழந்தை எவ்வாறு தானே அறிந்துகொண்டது?
3. எழுபதாம் பிறந்தநாளில் வந்த தந்தி மாண்டிசோரிக்கு ஏன் சிறப்புடையதாயிற்று? ஐந்து வரிகளில் எழுதுக.
4. உன் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள சிறு குழந்தைக்காகச் சமையலறைப் பொருள்களைக் கொண்டு ஒரு விளையாட்டை அமைத்திடுக. குழந்தை அதனை எத்தனை முறை திரும்பச் செய்தது என்று எண்ணிக் குறித்து வருக.