பாதியில் நின்ற படிப்பு, 4 ஆண்டு கெடு: அம்பேத்கர் லண்டன் பட்டத்தை முடித்தது எப்படி?

வெளிநாட்டில் படிக்கப் போகிற எல்லோருக்கும் மூன்று கவலை இருக்கும். ஸ்காலர்ஷிப் கடைசி வரை வருமா? நடுவில் நின்றுபோனால் என்ன செய்வது? பட்டத்தோடு ஊர் திரும்பினால் மரியாதையான வேலை கிடைக்குமா? நூறு வருஷத்துக்கு முன்பு இந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தித்தவர் பி.ஆர்.அம்பேத்கர்.

அரசியல் சட்ட வரைவுக் குழுத் தலைவர், சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட அமைச்சர் என்று அவரை நமக்குத் தெரியும். 1913 முதல் 1923 வரை அவர் கடன், கெடு, கடிதம் என்று ஓடிக்கொண்டிருந்த ஒரு மாணவர்.

மாதம் 11.5 பவுண்டு, 10 ஆண்டு பாண்ட்

1891 ஏப்ரல் 14-ல் மத்திய இந்தியாவின் மாவ் ராணுவ முகாமில் பிறந்தார் அம்பேத்கர். தீண்டாமைக்கு உள்ளான மஹார் சமூகம். அப்பா ராணுவத்தில் வேலை பார்த்தவர். மும்பை எல்பின்ஸ்டன் கல்லூரியில் படிக்கும்போதே பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் உதவித்தொகை கொடுத்தார். 1912-ல் பி.ஏ. முடிந்தது.

1913 தொடக்கத்தில் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களில் அப்பா இறந்துபோனார். அந்தச் சமயத்தில்தான் அமெரிக்கா போகும் வாய்ப்பு வந்தது. மாதம் 11.5 பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. பதிலுக்கு, படித்து முடித்ததும் பரோடா அரசில் 10 ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும். இன்றைய பாஷையில் சொன்னால் பாண்ட். கையெழுத்துப் போட்டுவிட்டு, 1913 ஜூலையில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்.

கொலம்பியாவில் என்ன படித்தார்?

பொருளாதாரம்தான் முக்கியப் பாடம். கூடவே சமூகவியல், வரலாறு, தத்துவம், மானுடவியல் என்று கிடைத்த வகுப்பிலெல்லாம் உட்கார்ந்தார். பொருளாதார அறிஞர் செலிக்மன், தத்துவ அறிஞர் ஜான் டூயி போன்றவர்கள் அங்கே பேராசிரியர்கள். 1915-ல் எம்.ஏ. வாங்கினார். அடுத்த ஆண்டு இந்தியாவில் சாதி எப்படி உருவானது என்பது பற்றி ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தார்.

வரும் பணத்தில் ஒரு பங்கை மும்பையில் இருந்த குடும்பத்துக்கு அனுப்பியாக வேண்டும். மிச்சத்தில் சாப்பாட்டைக் குறைத்துப் பழைய புத்தகங்கள் வாங்கினார். அங்கே விடுதியில் அவருக்குக் கிடைத்த நண்பர் நவல் பதேனா என்ற பார்சி இளைஞர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் நின்றுபோன பணம்

1916-ல் லண்டன் போனார். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பொருளாதாரம், கிரேஸ் இன்னில் சட்டம் என்று ஒரே நேரத்தில் இரண்டு படிப்பு. ஓராண்டுகூட முழுதாகப் போகவில்லை, ஸ்காலர்ஷிப் காலம் முடிந்துவிட்டது. பரோடா அரசு திரும்பி வரச் சொன்னது.

கிளம்பும் முன் அவர் ஒரு வேலை செய்தார். விட்ட படிப்பைத் தொடர லண்டன் பல்கலைக்கழகத்தில் அனுமதி கேட்டு வாங்கினார். 1917 அக்டோபரிலிருந்து 4 ஆண்டுகளுக்குள் திரும்பி வந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. அந்த அனுமதிதான் பின்னால் அவரைக் காப்பாற்றியது.

அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அவர் ஒரு கப்பலில் வர, அவருடைய புத்தகங்களும் சாமான்களும் வேறொரு கப்பலில் வந்தன. அந்தக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. பட்டினி கிடந்து வாங்கிய புத்தகங்கள் கடலோடு போயின.

பரோடாவில் 11-வது நாள்

பாண்ட் படி 1917 செப்டம்பரில் பரோடாவில் வேலையில் சேர்ந்தார். கொலம்பியா எம்.ஏ. பட்டம் வாங்கியவருக்கு அந்த ஊரில் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. அலுவலகத்தில் பியூன்கள்கூட ஃபைலைக் கையில் கொடுக்காமல் மேசையில் வீசிவிட்டுப் போவார்கள்.

கடைசியில் ஒரு பார்சி விடுதியில், பார்சிப் பெயரில், நாளுக்கு ஒன்றரை ரூபாய் வாடகைக்குத் தங்கினார். 11-வது நாள் காலையில் கையில் தடியோடு ஒரு கும்பல் வந்து நின்றது. மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். இரண்டு நண்பர்களிடம் போய் அடைக்கலம் கேட்டார். ஒருவர் இந்து, இன்னொருவர் கிறிஸ்தவர். வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் ஒருவர். மனைவியைக் கேட்க வேண்டும் என்று நழுவினார் மற்றவர். ஒரு பூங்காவில் காத்திருந்து, இரவு ரயிலில் மும்பை திரும்பினார்.

சுமார் 5 ஆண்டு வெளிநாட்டு வாழ்க்கையில் தீண்டாமை என்ற நினைப்பே மறந்துபோயிருந்தது என்று பின்னாளில் எழுதினார். அது முழுசாகத் திரும்பி வந்தது சொந்த நாட்டில்தான்.

திரும்பிப் போகக் காசு எங்கிருந்து வந்தது?

4 ஆண்டு கெடு ஓடிக்கொண்டிருந்தது. 1918 நவம்பரில் மும்பை சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. சம்பளம் வந்தும் குடும்பம் பரேலில் தொழிலாளர் குடியிருப்பில்தான் இருந்தது. மனைவி ரமாபாய் கையை இறுக்கிக் குடும்பம் நடத்தினார். அவர் சேமித்தார்.

சேமிப்பு மட்டும் போதவில்லை. கோலாப்பூர் மன்னர் ஷாஹு மகாராஜ் உதவினார். மீதிக்குக் கடன் கொடுத்தது அதே நவல் பதேனா, 5,000 ரூபாய். 1920 ஜூலையில் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். கெடு முடிய ஓராண்டுக்குச் சற்று மேல்தான் மிச்சம்.

இந்த முறை வாழ்க்கை இன்னும் கடினம். காலையில் ரொட்டித் துண்டு, இரவில் பசி அடங்காவிட்டால் சுட்ட அப்பளம். பகல் முழுக்கப் பிரிட்டிஷ் மியூசியம் நூலகம். 1921-ல் எம்.எஸ்சி. முடித்தார். அடுத்த ஆண்டு பாரிஸ்டர் ஆனார். ரூபாயின் மதிப்பை பிரிட்டிஷ் அரசு கையாண்ட விதத்தை விமர்சித்து ஆய்வேடு எழுதி, 1922 அக்டோபரில் டி.எஸ்சி. பட்டத்துக்குச் சமர்ப்பித்தார்.

தேர்வாளர்கள் அதைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். அதற்குள் கையில் காசு தீர்ந்துவிட்டது. 1923 ஏப்ரலில் மும்பை திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பினார். அந்த ஆண்டு இறுதியில் டி.எஸ்சி. பட்டம் வந்து சேர்ந்தது. வக்கீலாகப் பதிவு செய்யக் கட்டணம் கட்டவும் பதேனாதான் கைகொடுத்தார்.

பிஎச்.டி. மட்டும் ஏன் 1927-ல்?

கொலம்பியா பிஎச்.டி.க்கான ஆய்வை அவர் 1916-லேயே எழுதிவிட்டார். ஆனால், ஆய்வேட்டை அச்சிட்டுக் கொடுத்தால்தான் பட்டம் என்பது அன்றைய விதி. அதை விரிவாக்கி 1925-ல் புத்தகமாக வெளியிட்டார். பட்டம் கிடைத்தது 1927-ல். நியூயார்க்கில் கால் வைத்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் உயர்கல்வி படிக்க அரசு உதவித்தொகை கேட்டு வாங்கித் தந்தார். சுதந்திர இந்தியாவில் மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைத் திட்டம் 1954-55-ல் தொடங்கியது. இன்றும் பட்டியல் சாதி மாணவர்கள் உள்ளிட்டோர் அதில் வெளிநாடு போகிறார்கள்.

தன் இரண்டு ஆய்வு நூல்களையும் அவர் யாருக்குக் காணிக்கை ஆக்கினார் தெரியுமா? ரூபாய் பற்றிய லண்டன் ஆய்வை அம்மா அப்பாவின் நினைவுக்கு. கொலம்பியா ஆய்வை, முதல் டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்த பரோடா மன்னருக்கு.