நீலம் தோய்ந்த கைகள்

என் அப்பா சாயப்பட்டறைத் தொழிலாளி. எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அவருடைய நகக்கண்களில் நிறம் போவதில்லை. பள்ளி நாட்களில் நண்பர்கள் முன்னிலையில் அந்தக் கைகளைக் கண்டு நான் நாணியதுண்டு. அந்த நாணத்தைப் போக்கியவர், நூறாண்டுகளுக்கும் முன்பே மறைந்த ஓர் ஆங்கிலேயர். அவர்தாம் வில்லியம் மாரிஸ்.

லண்டனை அடுத்த வால்தம்ஸ்டோவில், 1834ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், செல்வக் குடும்பத்தில் பிறந்தார் மாரிஸ். ஆக்ஸ்போர்டில் பயின்று கவிஞராகப் புகழ்பெற்றார். 1861இல் நண்பர்களுடன் கூடி, வீட்டை அழகு செய்யும் பொருள்களுக்கான நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1875இல் அதன் முழுப்பொறுப்பும் அவருடையதாயிற்று.

வேதியியல் மாணவர்கள் பெர்கினை அறிவோம். 1856இல், பதினெட்டே வயதில், கொய்னா மருந்து செய்ய முயன்று ஊதாச் சாயத்தைக் கண்டவர் அவர். அதன்பின் கரித்தாரிலிருந்து பிறந்த சாயங்கள் சந்தையை நிரப்பின. அவை கண்ணை உறுத்துகின்றன, வெளுக்கும்போதும் அழகின்றி வெளுக்கின்றன என்று மாரிஸ் கருதினார். ஆனால் குறை கூறிக்கொண்டு அவர் சும்மா இருக்கவில்லை. லீக் என்னும் ஊரில் தாமஸ் வார்டிலின் சாயப்பட்டறைக்குச் சென்று, தொழிலாளியின் உடையும் மரக்காலணியும் அணிந்து, தொட்டியருகே நின்று தொழில் கற்றார். பழைய மூலிகை நூல்களைப் புரட்டினார். சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேர், மஞ்சளுக்கு வெல்டு என்னும் செடி, நீலத்துக்கு அவுரி என்று மறைந்துகொண்டிருந்த முறைகளை மீட்டார். கவிஞரின் கைகள் நீலம் படிந்தே கிடந்தன. அதற்காக அவர் நாணவில்லை!

அவுரிச் சாயம் எளிதில் வசப்படுவதன்று. நீலம் நீரில் கரையாது. ஒடுக்க வினைக்கு உட்படுத்தினால்தான் காரநீரில் கரையும். அதில் தோய்த்தெடுத்த துணி முதலில் பச்சையாகத் தோன்றும். காற்றின் ஆக்சிஜன் பட்டதும் நீலமாக மாறும். 1881இல் வாண்டில் ஆற்றங்கரையில் மெர்ட்டன் அபே பட்டறையைத் தொடங்கிய மாரிஸ், துணி முழுவதையும் நீலத்தில் தோய்த்து, வேண்டிய இடங்களில் வெளுத்து, அங்கே பிற நிறங்களை ஏற்றினார். அவ்வாறு 1883இல் உருவானதே ஸ்ட்ராபெரித் திருடன் என்னும் அச்சுத்துணி. தம் தோட்டத்துப் பழங்களைத் திருடிய பறவைகளை அதில் அழியாமல் வாழவைத்தார்.

எனினும் ஒரு முள் அவரை உறுத்தியது. பல நாள் உழைப்பில் உருவான அத்துணியைச் செல்வர்களே வாங்க முடிந்தது. உழைப்பவன் வாழ்வில் அழகு இல்லையெனில் கலை எதற்கு? அந்தக் கேள்வி அவரைப் பொதுவுடைமையின்பால் செலுத்தியது. தெருமுனைகளில் நின்று பேசினார். 1896 அக்டோபர் 3ஆம் நாள் தமது 62ஆம் வயதில் மறைந்தார்.

செடிச்சாயம் என்றாலே தூயது என்று நான் சொல்ல வரவில்லை. அக்காலத்தில் இங்கிலாந்துக்கு அவுரி நீலம் பெரும்பாலும் நம் நாட்டிலிருந்தே சென்றது. அதைப் பயிரிட வற்புறுத்தப்பட்ட வங்காள உழவர்கள் 1859இல் விதைக்க மறுத்துக் கிளர்ந்தெழுந்தனர். நீலத்தில் கண்ணீரும் கலந்திருந்தது.

நான் நொய்யல் கரைக்காரன். கழிவுநீரை ஆற்றில் விடாத ஏற்பாடு செய்யும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011இல் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அப்போது நான் சிறுவன். வேலையின்றி அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. ஆறும் வாழவேண்டும், அடுப்பும் எரியவேண்டும். இவ்விரண்டையும் சேர்த்து நினைக்கும் வேதியியலே நமக்குத் தேவை. செய்யும் தொழிலின் நன்மை தீமைகளைத் தொட்டியருகே நின்று கற்கவேண்டும் என்பதே மாரிசின் வாழ்விலிருந்து நான் பெற்ற பாடம்.

இப்போதெல்லாம் கல்லூரி வாயிலுக்கு அப்பா வந்தால், அவர் கையைப் பற்றிக்கொண்டு நண்பர்களிடம் அழைத்துச் செல்கிறேன்.