உரைத்தும் என்ற முனிவர்

(இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு, திருப்புலி நாடு, கொல்லிமலை)

இயற்பியல் பாடநூல் ஒன்றைப் புரட்டினால், இதன் விளக்கத்தைப் பின்வரும் இயலில் காண்க என்றொரு குறிப்பு அடிக்கடி கண்ணில் படும். அக்குறிப்பு இல்லையேல், புரியாத இடத்திலேயே நம்மில் பலர் நூலை மூடிவிடுவோம். பின்னால் வருவதை முன்னால் சுட்டும் இவ்வழக்கம் மேனாட்டார் தந்தது என்று எண்ணுவோர் உளர். ஆனால் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அதற்குத் தமிழில் பெயர் சூட்டி, நூல் எழுதுவோர்க்கு நெறியாக வைத்தார் ஒருவர். அவரே நன்னூல் தந்த பவணந்தி முனிவர்.

பவணந்தியார் சமண முனிவர். சனகாபுரத்துச் சன்மதி முனிவரோடு தொடர்புடையவர். அவ்வூர் கொங்கு நாட்டுச் சீனாபுரமே என்பர் சிலர். மைசூர்ப் பகுதியில் உள்ளது என்பர் வேறு சிலர். அவரை ஆதரித்தவன் கோலாரை ஆண்ட கங்கர் குலத்துச் சீயகங்கன். இவன் மூன்றாம் குலோத்துங்க சோழனுக்கு (1178-1218) அடங்கிய சிற்றரசன். எனவே முனிவர் வாழ்ந்த காலமும் அதுவே எனக் கொள்ளலாம்.

அரசன் கேட்டது பெரிது. எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி ஆகிய ஐந்திலக்கணங்களையும் எளிதில் கற்குமாறு ஒரு நூலாகத் தர வேண்டினான். முனிவரும் இசைந்தார்.

நூலுக்குள் நுழையுமுன் பாயிரத்தில், நூல் எப்படி இருக்கவேண்டும், ஆசிரியர் யார், மாணவர் யார் என்றெல்லாம் வகுத்தார். அங்கேதான் முப்பத்திரண்டு உத்திகளையும் அடுக்கினார். தொல்காப்பியத்திலும் 32 உத்திகள் உண்டு. ஆனால் அவை நூலின் கடைசி இயலாகிய மரபியலில் நிற்கின்றன. வடமொழி அர்த்தசாஸ்திரத்திலும் அத்தகைய பட்டியல் இறுதியிலேயே வருகிறது. பவணந்தியாரோ அதை வாசலிலேயே வைத்தார்.

அவற்றுள் ஒன்று உரைத்தும் என்றல். உரைத்தும் என்பதற்கு இங்கே உரைப்போம் என்பது பொருள். ஒரு செய்தியை ஓரிடத்தில் தொட்டுவிட்டு, இதைப் பின்னர் விளக்குவோம் என்று சொல்லிச் செல்லும் முறை இது. இதன் இணை உரைத்தாம் என்றல்; முன்பே சொன்னோம் என நினைவூட்டுவது.

சொன்னதை அவர் செய்தும் காட்டினார். எழுத்ததிகாரத் தொடக்கத்தில், எழுத்திலக்கணம் எண் முதல் புணர்ச்சி வரை பன்னிரண்டு பகுதி என்று எண்ணிச் சொன்னார். முதல் பத்தும் எழுத்தியலில் முடிந்தன. பதம், பதவியலில் வந்தது. புணர்ச்சி, அடுத்த மூன்று இயல்களில் விரிந்தது. காரவள்ளியிலிருந்து எங்கள் மலைக்கு ஏறும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணைக் காட்டும் பலகை உண்டு. இன்னும் எத்தனை என்று தெரிந்தவனுக்கு ஏற்றம் பாதிக் களைப்புத்தான். பன்னிரண்டு என்று முனிவர் சொன்னதும் அத்தகைய பலகையே.

எனினும் ஒரு குறை உண்டு. அரசன் கேட்டவை ஐந்து. இன்று நம் கையில் இருப்பவை எழுத்தும் சொல்லும் மட்டுமே. ஏனைய மூன்றும் எழுதப்படவில்லையா, எழுதப்பட்டு அழிந்தனவா என்பதில் அறிஞரிடையே ஒத்த கருத்தில்லை. முதல் உரையாசிரியராகிய மயிலைநாதரின் உரையும் இவ்விரண்டுக்கே உள்ளது. ஐந்தில் மூன்று கிடைக்காத நூலை உலகம் மறந்திருக்க வேண்டுமே! மறக்கவில்லை. மயிலைநாதரை அடுத்துச் சங்கரநமச்சிவாயர் உரை செய்தார், சிவஞான முனிவர் அதைத் திருத்தினார், உ.வே. சாமிநாத ஐயர் 1918இல் மயிலைநாதர் உரையை அச்சேற்றினார். இன்றும் தமிழ் பயில்வோர் நன்னூலில்தான் தொடங்குகின்றனர். காரணம், உள்ள இரண்டு அதிகாரங்களுக்குள் சொல்லிய வாக்குத் தவறவில்லை. பன்னிரண்டு என்றார், பன்னிரண்டும் தந்தார்.

பின்னர் உரைப்போம் என்பது ஆசிரியர் வாசகனிடம் படும் கடன். என்போல் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்க்கு, அடுத்து என்ன வரும் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. பெற்றோர் தம் உழைப்பைத் தந்தனர். பாடத்தின் வழியைச் சொல்லவேண்டியவை நூலும் ஆசிரியருமே. ஆகவே அக்குறிப்பு எங்களுக்கு வெறும் அலங்காரம் அன்று; கைபிடித்து அழைத்துச் செல்லும் துணை.

மாணவ நண்பர்களே! நாளை நம்மில் சிலர் பாடநூல் எழுதலாம். பலர் வகுப்பறையில் நிற்கலாம். பின்னால் வருவதை முன்னரே சொல்வோம். சொன்னதைத் தவறாது தருவோம். அதுவே அம்முனிவருக்கு நாம் செய்யும் கைம்மாறு.