ஒரு காய்க்காக ஓர் உயிர்!

கடல் அலையை நிற்கும்படி கட்டளையிட்ட மன்னனின் கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அலை நிற்கவில்லை. மன்னனின் காலை நனைத்தது. அளவுக்கு மீறிப் புகழ்ந்தவர்களுக்குப் புத்தி புகட்டவே அவன் அப்படிச் செய்தானாம். அவன் பெயர் கனூட்.

கடலுக்கு முன் தலை குனிந்த அந்த மன்னனால், ஆட்டத்தில் ஒரு காய் போனதைத் தாங்க முடியவில்லை!

மூன்று முடி

வைக்கிங்குகள், வட ஐரோப்பாவைச் சேர்ந்த கடலோடிகள், போர் வீரர்கள். அவர்கள் குலத்தில் பிறந்தவன் கனூட். தந்தை சுவென், டென்மார்க்கின் மன்னன். அவன் 1013-ல் இங்கிலாந்தைப் பிடித்தான்; மறு ஆண்டே இறந்து போனான்.

கனூட் 1015-ல் கப்பல் படையோடு சென்று மீண்டும் போர் தொடுத்தான். 1016-ல் இங்கிலாந்து அவன் வசமாயிற்று. சகோதரன் இறந்ததும் டென்மார்க் கிடைத்தது. 1028-ல் நார்வேயும் சேர்ந்தது.

பலகை ஆட்டம்

வைக்கிங்குகளுக்குப் பலகை ஆட்டம் என்றால் கொள்ளை ஆசை. நெஃபாட்டாஃபல் என்பது அவர்களுடைய ஆட்டம். பலகையின் நடுவில் மன்னன் காய். அதைச் சுற்றிக் காவல் காய்கள். வெளியே எதிரிக் காய்கள். இவை சுமார் இரண்டு மடங்கு. ஆடு புலி ஆட்டம் போல, இதிலும் இரு பக்கமும் சமம் அல்ல. ஒரு காயை இரு புறமும் நெருக்கினால் அது வெட்டுப்படும். மன்னன் தப்பினால் அவன் பக்கம் ஜெயிக்கும். சிக்கினால் எதிரி ஜெயிப்பான்.

திமிங்கில எலும்பு, மான் கொம்பு, வால்ரஸ் என்ற கடல் விலங்கின் தந்தம் ஆகியவற்றில் காய்களைச் செதுக்கினார்கள். கண்ணாடியிலும் செய்தார்கள். சுவீடனில் பிர்கா என்ற ஊரின் கல்லறைகளில் கண்ணாடிக் காய்கள் கிடைத்துள்ளன. இறந்தவர்களோடு ஆட்டக் காய்களையும் புதைத்திருக்கிறார்கள்!

மைத்துனன்

கனூட்டின் சகோதரி எஸ்ட்ரிட். அவள் கணவன் உல்ஃப். டென்மார்க்கைக் கவனிக்கும் பொறுப்பு அவனிடம் இருந்தது. கனூட் இங்கிலாந்தில் இருந்த சமயம், கனூட்டின் சிறு மகனையே டென்மார்க் மன்னன் என்று உல்ஃப் அறிவித்துவிட்டான். கனூட்டுக்கு ஆத்திரம் பொங்கியது.

1026-ல் ஹெல்கே ஆற்றில் பெரும் போர் நடந்தது. எதிரிகள் கனூட்டின் கப்பலைச் சூழ்ந்தார்கள். உல்ஃப்தான் ஓடி வந்து காப்பாற்றினான். அப்படியும் மன்னனின் கோபம் ஆறவில்லை.

பிறகு ராஸ்கில்ட் நகரில் மன்னனுக்கு உல்ஃப் விருந்து வைத்தான். மன்னன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் மனம் மாறட்டும் என்று உல்ஃப் ஆட அழைத்தான்.

கவிழ்ந்த பலகை

மன்னன் தவறாக ஒரு காயை நகர்த்தினான். உல்ஃப் மன்னனின் குதிரைவீரன் காயை வெட்டினான். மன்னன் அதைத் திருப்பி வைத்து, வேறு காயை நகர்த்தும்படி சொன்னான். உல்ஃப் பலகையைக் கவிழ்த்துவிட்டு எழுந்தான்.

பயந்து ஓடுவதாக மன்னன் ஏளனம் செய்தான். தான் உதவிக்கு வந்திராவிட்டால், ஆற்றுப் போரில் மன்னன் இதைவிட வெகு தூரம் ஓடியிருப்பான் என்று உல்ஃப் சுடச் சுடப் பதில் கொடுத்தான்.

மறு நாள் காலை, உல்ஃபைக் கொல்ல மன்னன் ஆள் அனுப்பினான். உல்ஃப் தேவாலயத்தில் இருந்ததால், போனவன் கொல்லாமல் திரும்பினான். மன்னன் வேறொருவனை அனுப்பினான். தேவாலயத்துக்குள்ளேயே கொலை விழுந்தது!

ஐஸ்லாந்து ஆசிரியர் ஸ்னோரி, சுமார் 200 ஆண்டுகளுக்குப் பின் இதை எழுதினார். அவர் இந்த ஆட்டத்தைச் சதுரங்கம் என்கிறார். ஆனால் வட நாடுகளில் சதுரங்கம் பெருவழக்கானது பிந்திய காலத்தில்தான்.

முடிவு

மன்னன் அந்தத் தேவாலயத்துக்கு ஏராளமான நிலம் கொடுத்தான். 1027-ல் ரோம் யாத்திரையும் போனான். 1035-ல் இறந்தான்.

1042-க்குள் அவன் புதல்வர்கள் அனைவரும் மாண்டார்கள். 1047-ல் டென்மார்க் அரியணை ஏறியவன் யார் தெரியுமா? கொலையுண்ட உல்ஃபின் மகன், தாத்தாவின் பெயரைத் தாங்கிய சுவென்!

வெட்டுப்பட்ட காயை மன்னன் திருப்பி வைத்தான். போன உயிரைத் திருப்பித் தர மூன்று நாட்டு மன்னனாலும் முடியவில்லை.