பென் ஷான் (1898 – 1969)

ஐக்கிய அமெரிக்காவின் புகழ்பெற்ற ஓவியர்களுள் ஒருவரான பென் ஷான் அந்நாட்டிற் பிறந்தவரல்லர். அன்று ரஷ்யப் பேரரசுக்குட்பட்டிருந்த லிதுவேனியாவின் கோவ்னோ நகரில், யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தை அரச எதிர்ப்பாளரெனச் சந்தேகிக்கப்பட்டுச் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். 1906இல் குடும்பம் நியூயோர்க்கின் புரூக்ளினிற் குடியேறியது.

இளவயதிலேயே ஷான் கல்லச்சுக்கூடமொன்றில் தொழில் பயின்றார். கல்லில் எழுத்து வரைந்து பழகிய கை அது. பிற்காலத்தில் அவர் மையினால் வரைந்த கோடுகள் உளியாற் கீறியவை போல முறிந்தும் கூர்மையாகவும் காணப்படுவதற்கு இப்பயிற்சி ஒரு காரணம் எனலாம். வழுவழுப்பான கோட்டை இவரிடம் தேடக்கூடாது.

மரணதண்டனை விதிக்கப்பட்ட சாக்கோ, வன்செற்றி என்னும் இத்தாலியத் தொழிலாளர் பற்றி 1931–32இல் வரைந்த ஓவியத் தொடர் அவருக்குப் புகழ் தந்தது. மாணவர் பலர் விடையை இத்துடன் முடித்துவிடுகின்றனர். அவரது மைச் சித்திரங்கள் சிறப்புற்றது இரண்டாம் உலகப் போரின் பின்னரே.

அக்காலத்தில் நியூயோர்க்கில் அரூப ஓவியம் மேலோங்கியிருந்தது. மனித உருவம் வரைவது பழைமையெனப் பலர் கருதினர். ஷான் உருவத்தைக் கைவிடவில்லை. மனிதருக்கு நேர்ந்ததைச் சொல்ல மனித உருவமே அவருக்கு வேண்டியிருந்தது.

1947 மார்ச் 25இல் இல்லினோய் மாநிலத்தின் சென்றேலியா நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 111 பேர் மாண்டனர். தமது உயிரைக் காப்பாற்றுமாறு முந்திய ஆண்டிலேயே நான்கு தொழிலாளர் ஆளுநருக்குக் கடிதம் எழுதியிருந்தனர். அந்நால்வரில் மூவர் இவ்வெடிப்பில் இறந்தனர். 1948இல் ஹார்ப்பர்ஸ் சஞ்சிகை இதனைக் கட்டுரையாக வெளியிட்டபோது அதற்குச் சித்திரம் வரைந்தவர் ஷான். இதிலிருந்தே 'சுரங்கத் தொழிலாளரின் மனைவியர்' என்னும் வர்ண ஓவியமும் பிறந்தது. அதில் முன்னால் நிற்கும் பெண்ணின் கோத்த கைகளைக் கவனிக்க. முகத்தைவிட அவையே அதிகம் பேசுகின்றன.

1954 வெனிஸ் கண்காட்சியில் ஷானும் அரூபப் பாணியினரான வில்லெம் டி கூனிங்கும் அமெரிக்காவின் சார்பில் ஒருங்கே இடம்பெற்றனர். 1956–57இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் விரிவுரைகள் ஆற்றினார்.

1954 மார்ச் 1இல் பிகினித் தீவில் அமெரிக்கா ஐதரசன் குண்டைப் பரிசோதித்தது. அதன் கதிரியக்கச் சாம்பல் 'லக்கி டிராகன்' என்னும் யப்பானிய மீன்பிடிக் கலத்தில் இருந்த 23 பேர்மீதும் வீழ்ந்தது. வானொலித் தொடர்பாளர் குபோயாமா அவ்வாண்டு செப்ரெம்பரில் இறந்தார். இதுபற்றிய ஹார்ப்பர்ஸ் கட்டுரைகளுக்கும் ஷானே மையினால் வரைந்தார். தமது நாட்டின் குண்டினால் மாண்ட அந்நிய மீனவரை வரைய அவர் தயங்கவில்லை. பின்னர் அதனை வர்ண ஓவியங்களாகவும் தீட்டினார். அவை 1965இல் நூலாயின. 1969 மார்ச்சில் நியூயோர்க்கிற் காலமானார்.