ஓயாத சக்கரம் தேடிய ஓர்ஃபிரியஸ்

கரண்ட் வேண்டாம், டீசல் வேண்டாம், தானாகவே சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு சக்கரம் கிடைத்தால் எப்படி இருக்கும்? மெக்கானிக்கல் படிக்கிற நம்மில் பலர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு படம் போட்டுப் பார்த்திருப்போம். ஆனால் ஒருவர் தன் வாழ்க்கையையே இதற்குக் கொடுத்துவிட்டார். அவர்தான் ஜெர்மனியைச் சேர்ந்த யோஹான் பெஸ்லர்.

1680-ஐ ஒட்டி, சாக்சனியில் சிட்டாவ் நகரத்துக்குப் பக்கத்தில் பிறந்தார். தன் பெயரின் ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் பதில் 13 எழுத்து தள்ளி உள்ளதைப் போட்டு, 'ஓர்ஃபிரியஸ்' என்று புதுப்பெயர் சூட்டிக்கொண்டார். பெயரிலேயே ரகசியம்!

1712-ல் கெரா நகரில் முதல் சக்கரத்தைக் காட்டினார். சுமார் மூன்றரை அடி விட்டம். உள்ளே இருக்கும் எடைகள்தான் சுற்ற வைக்கின்றன என்றார். ஆனால் உள்ளே யாரும் பார்க்க முடியாதபடி மூடி வைத்திருந்தார். 1714-ல் மாமேதை லைப்னிட்ஸே வந்து பார்த்தார்.

ஹெஸ்ஸ-காசல் மன்னர் கார்ல் ஆதரவு தந்தார். அவருடைய வைசன்ஸ்டைன் அரண்மனையில் 12 அடி விட்டத்தில் பெரிய சக்கரம் எழுந்தது. 1717 நவம்பர் 12 அன்று சக்கரத்தைச் சுற்றவிட்டு, அறையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். இடையில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மறுபடி பூட்டினார்கள். 1718 ஜனவரி 4-ல் திறந்தபோதும் சுற்றிக்கொண்டே இருந்ததாம்! ஊரே வாயைப் பிளந்தது.

ரகசியத்துக்குப் பெருந்தொகை கேட்டார் பெஸ்லர். பணம் தராமல் திறக்க மாட்டேன் என்றார். திறக்காமல் யாரும் வாங்கவில்லை. 1721-ல் ஹாலந்து பேராசிரியர் கிராவசாண்டே அச்சையும் தாங்கிகளையும் சோதித்தார். அவர் ரகசியத்தைத் திருடப் பார்க்கிறார் என்று கோபப்பட்டு, தன் சக்கரத்தைத் தானே அடித்து நொறுக்கினார்! 1727-ல் அவர் வீட்டு வேலைக்காரப் பெண், பக்கத்து அறையிலிருந்து ஆள் வைத்துச் சுற்றியதாகச் சாட்சி சொன்னாள்.

எடை மட்டும் சக்கரத்தை ஓட்டுமா? இறங்கும் பக்கம் எடைகள் மையத்திலிருந்து தள்ளிப்போகும், உண்மைதான். ஆனால் ஏறும் பக்கத்தில் எடைகளின் எண்ணிக்கை கூடிவிடும். கணக்குப் போட்டால் ஒரு சுற்றில் மிச்சம் பூஜ்யம். அதையும் உராய்வு தின்றுவிடும். இறங்கும் எடை தரும் வேலை, அதைத் திரும்ப ஏற்றவே சரியாகிவிடும். மூட்டை தூக்கும் என் அப்பாவுக்கு இது படிக்காமலே தெரியும். 1775-ல் பாரிஸ் அறிவியல் கழகம் இத்தகைய இயந்திரங்களைப் பரிசீலிக்கவே மாட்டோம் என்று அறிவித்தது. 1840-களில் ஆற்றல் அழிவின்மை விதி உறுதியானது.

1745-ல் காற்றாலை ஒன்றைக் கட்டும்போது மேலிருந்து விழுந்து இறந்தார் பெஸ்லர். காற்றிடம் சக்தி வாங்கி வேலை செய்யும் நேர்மையான இயந்திரம் அது! அவ்வளவு கைத்திறன் உள்ளவர், மூடியைத் திறந்து காட்டியிருந்தால் நல்ல பொறியாளராகப் பெயர் வாங்கியிருப்பார்.

நண்பர்களே! நாளை நாம் செய்யப்போகும் பிராஜெக்ட் சின்னதாக இருக்கட்டும். ஆனால் யார் கேட்டாலும் மூடியைக் கழற்றிக் காட்டும்படி இருக்கட்டும்!