தோட்டா சிக்காத துப்பாக்கி
பட்டறைக்காரர் மகன் ஜான் பிரவுனிங்கின் கதை

மதுரையில் வங்கி வாசலில் நிற்கும் காவலாளியின் தோளில் இரட்டைக் குழல் துப்பாக்கியைப் பலரும் பார்த்திருப்பார்கள். சுட்டதும் அதை நடுவில் மடக்க வேண்டும். காலித் தோட்டா பின்பக்கம் தலை நீட்டும். விரலால் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு தோட்டா போட வேண்டும். சுற்று வட்டார ஊர்களில் பயிர்க் காவலுக்கென்று உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருந்த சம்சாரிகளுக்கும் இந்த முறைதான் பழக்கம். இரண்டு வெடிக்கு மேல் கிடையாது.

ஒரே குழலில் ஐந்து தோட்டாக்களைச் சுட வேண்டுமானால்? சுட்ட கூட்டைத் துப்பாக்கியே வெளியே தள்ளி, அடுத்ததை ஏற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு முயன்றவர்கள் பலர். எல்லோரும் நம்பிக் கையாளும்படி அதைச் செய்து காட்டியவர், அமெரிக்காவில் பிறந்த ஜான் மோசஸ் பிரவுனிங்.

உடைந்த குழல்

யூட்டா மாநிலத்தில் ஆக்டன் என்ற சிற்றூர். அங்கே 1855ஆம் ஆண்டு பிறந்தார் ஜான். தந்தை ஜோனதன் துப்பாக்கிப் பட்டறை வைத்திருந்தார். அவருக்கு மனைவியர் மூவர். பிள்ளைகள் 22 பேர்! பட்டறை வருமானம் எப்படிப் போதும்?

பள்ளிக்கூடத்தைவிடப் பட்டறையில்தான் ஜான் அதிகம் கற்றார். பத்து வயது வாக்கில், ஒதுக்கிப் போட்ட உடைந்த குழல் ஒன்றை எடுத்தார். மரத் துண்டோடு சேர்த்துக் கம்பியால் கட்டினார். அது சுட்டது! தம்பி மேட்டும் அவரும் அதைக் கொண்டே பறவை வேட்டையாடினார்கள்.

1879இல் தந்தை காலமானார். அதே ஆண்டு, ஜான் தாமே அமைத்த துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். 1883இல் வின்செஸ்டர் கம்பெனி அதிகாரி ஒருவர் அந்தச் சிற்றூருக்கே தேடி வந்தார். 8,000 டாலர் கொடுத்து உரிமையை வாங்கிப் போனார்.

சிக்கலும் தீர்வும்

1893இல் பிரவுனிங் அமைத்த ‘பம்ப்’ துப்பாக்கியை வின்செஸ்டர் வெளியிட்டது. குழலுக்குக் கீழே ஒரு கைப்பிடி. அதைப் பின்னால் இழுத்தால் ஒரு கொக்கி தோட்டாவின் விளிம்பைப் பற்றி வெளியே இழுக்கும். பின்னே வந்த கூடு ஒரு முனையில் தட்டுப்பட்டு வெளியே எகிறும். கைப்பிடியை முன்னே தள்ளினால் புதுத் தோட்டா ஏறும்.

சொல்வது எளிது. கொக்கி தேய்ந்தால் விளிம்பு நழுவும். உள்ளே கரி படிந்தால் கூடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் காலத்தில் தோட்டாக் கூடு காகிதத்தால் ஆனது. ஐப்பசி மழை ஈரம் போன்ற ஈரம் பட்டால் அது உப்பிக்கொள்ளும். அப்புறம் இழுத்தாலும் வராது. நீளமான தோட்டா போட்டால் துப்பாக்கி அடிக்கடி சிக்கிக்கொண்டது. புகையில்லாத புது வெடிமருந்தின் வேகமும் அதிகம்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. விசையை அழுத்தியும் தோட்டா வெடிக்கவில்லை. சுட்டவர் அவசரப்பட்டு இழுக்கிறார். பாதி வெளியே வந்த நிலையில் அது தாமதமாக வெடித்தால்? முகமே போய்விடும்!

1897ஆம் ஆண்டு மாதிரியில் இவற்றுக்குப் பரிகாரம் கிடைத்தது. சட்டம் பலப்பட்டது. மேல்பக்கம் மூடப்பட்டது, காலிக் கூடு பக்கவாட்டில் மட்டுமே வெளியேறும். நீளமான தோட்டாவும் சிக்கவில்லை. கூடவே ஒரு தாழ்ப்பாள். கைப்பிடி சற்று முன்னே நகர்ந்தால்தான் அது விடுபடும். தோட்டா வெடித்துத் துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது கைப்பிடி கையோடு நின்றுவிடுவதால், தானே முன்னே நகர்ந்தாற்போல் ஆகும், தாழ்ப்பாள் திறக்கும். வெடிக்காவிட்டால் உதைப்பு இல்லை, தாழ்ப்பாளும் திறக்காது. சற்றுப் பொறுத்திருந்து, கையால் முன்னே தள்ளித்தான் திறக்க வேண்டும். விவரம் அறியாதவர்கள் துப்பாக்கி பழுது என்று நினைத்துப் பின்னாலேயே இழுத்துக்கொண்டிருப்பார்கள்! உண்மையில் அது உயிர் காக்கும் ஏற்பாடு.

இந்த மாதிரி 1957 வரை தயாரானது. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

கடல் கடந்து

அடுத்து, கையால் இழுக்கவே வேண்டாத துப்பாக்கியை அமைத்தார். உதைக்கும் வேகமே காலிக் கூட்டை வெளியேற்றும். விற்கும் ஒவ்வொன்றுக்கும் பங்கு கேட்டார், வின்செஸ்டர் மறுத்தது. 1902 ஜனவரியில் ரெமிங்டன் கம்பெனித் தலைவரைப் பார்க்கப் போய்க் காத்திருந்தார். அந்தத் தலைவர் மாரடைப்பில் இறந்த செய்திதான் வந்தது. பிரவுனிங் கப்பல் ஏறி பெல்ஜியம் போனார். அங்கே அது வெற்றி பெற்றது. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பலத்த தோட்டாவுக்கு ஒரு விதமாகவும் லேசான தோட்டாவுக்கு வேறு விதமாகவும் உள்ளே இருக்கும் வளையத்தை மாற்றி வைக்க வேண்டும். மறந்தால் லேசான தோட்டாவின் கூடு வெளியே வராமல் நின்றுவிடும்.

வேட்டைக்காரர்களோடு அவர் புகழ் நிற்கவில்லை. 1914இல் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்றது பிரவுனிங் அமைத்த கைத்துப்பாக்கி. அதையடுத்து உலகப் போர் மூண்டது. அவருடைய பம்ப் துப்பாக்கியும் போர்க்களம் போயிற்று. அதை எதிர்த்து 1918இல் ஜெர்மனி புகார் செய்தது. இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு அவர் புகழை மட்டும் பேசுவது நியாயமாகாது.

1926 நவம்பர் 26ஆம் தேதி, பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அருகே, தொழிற்சாலையிலேயே மாரடைப்பால் அவர் இறந்தார். அப்போது அவர் கையில் இருந்த வேலை, ஒன்றன்மேல் ஒன்றாகக் குழல் வைத்த இரட்டைக் குழல் துப்பாக்கி. மீதியை மகன் வால் முடித்தார். 1931இல் அது விற்பனைக்கு வந்தது. மடக்கினால் சுட்ட கூடு எகிறி விழும். சுடாத தோட்டா சற்றே மேலெழுந்து அங்கேயே நிற்கும்.